தாலாட்டும் பியானோவும்



பெங்களூரில் தண்டுப் பகுதியில் குழந்தைகளுக்குப் பியானோ கற்பிப்பதை நான் பல்லாண்டுகளாகத் தொழிலாகக் கொண்டிருக்கிறேன். என்னிடம் வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் லண்டன் மாநகரத்துச் சங்கீதப் பரீட்சைகளுக்கு ஆயத்தம் செய்பவர்கள். அவர்கள் படிக்கும் புத்தகங்களில் ஜெர்மானிய நாட்டுப்பாடல் உண்டு. ஸ்காட்லாந்து நாட்டுப்பாடல் உண்டு. ருஷ்ய நாட்டுத் தாலாட்டும் உண்டு. அவற்றை நான் குறை கூறவில்லை. அவை நல்ல பாடங்களே. ஆயினும், ஒரு நாள் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி என்னைக் கேட்ட கேள்விக்கு என்னால் உடனே விடை கூற இயலவில்லை. “எங்கள் பாட்டி பாடுகிற தாலாட்டு ஏன் இந்தப் புத்தகத்தில் இல்லை, டீச்சர்?” என்பதே அக்கேள்வி.

அவளுடைய பாட்டியார் கோலார் தங்கவயலில் வாழ்ந்தவர். வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சுரங்க வேலைக்கு வந்து குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் அவர்கள் குடும்பமும் ஒன்று. 2001-ஆம் ஆண்டில் தங்கச் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, மகனுடன் பெங்களூருக்கு வந்துவிட்டார். ஊர் போயிற்று, தொழில் போயிற்று. தாலாட்டு மட்டும் கூடவே வந்தது. சிறுமி அந்த மெட்டைப் பியானோவில் தானாகவே தேடிக் கண்டுபிடித்திருந்தாள். அவள் விரல்கள் கறுப்புக் கட்டைகளை விட்டு அகலவே இல்லை.

“இது எளிய காரியம்” என்று எண்ணினேன். மெட்டை வலக்கைக்கு எழுதினேன். இடக்கைக்கு, நான் கற்ற முறைப்படி, கார்ட் எனப்படும் மூன்று சுரக் கூட்டுகளை அடுக்கினேன். இனிமையாகத்தான் இருந்தது. அடுத்த வாரம் பாட்டியாரை வரவழைத்து வாசித்தும் காட்டினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: “மெட்டு நம்ம மெட்டுதாம்மா. ஆனா அது வேறே யார் வீட்டிலேயோ போய் உட்கார்ந்திருக்குது. அப்புறம், ஒரு தூளியை ஆட்டறதுக்கு இத்தனை பேர் எதுக்கம்மா?”

இவ்விரு வாக்கியங்களும் என்னைப் பல நாள் உறங்க விடவில்லை. சங்கீத நூல்கள் பலவற்றில் விரித்து உரைக்கப்படும் இரண்டு பெரிய பிரச்சினைகளை, எழுத்து வாசனை அறியாத ஒரு மூதாட்டி இரண்டே வரியில் சொல்லிவிட்டார். அவற்றைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

முதலாவது பிரச்சினை, வீடு மாறிய பிரச்சினை. பியானோவில் ஒவ்வொரு ஸ்தாயியிலும் ஏழு வெள்ளைக் கட்டைகளும் ஐந்து கறுப்புக் கட்டைகளும் இருக்கின்றன. மூன்றும் இரண்டுமாகக் கூடி நிற்கும் கறுப்புக் கட்டைகளில், மூன்றின் முதற்கட்டையை ஆதார சட்ஜமாகக் கொண்டு ஐந்தையும் வரிசையாக வாசித்தால் பிறப்பது மோகனம். அதே ஐந்து கட்டைகளை, அடுத்த கட்டையைச் சட்ஜமாகக் கொண்டு வாசித்தால் மத்தியமாவதி. அதற்கும் அடுத்ததிலிருந்து தொடங்கினால் இந்தோளம். பிறகு சுத்த சாவேரி. அதன் பின் சுத்த தன்யாசி. கட்டைகள் மாறவில்லை; வீடு மட்டுமே மாறுகிறது. வீடு மாறியதும் குடியிருப்போரின் குணமும் மாறிவிடுகிறது.

நான் செய்த பிழை இப்பொழுது உங்களுக்கு விளங்கும். கறுப்புக் கட்டைகளைக் கண்டதும், மேனாட்டுப் பயிற்சி பெற்ற என் செவி, முதற்கட்டையே ஆதாரம் என்று முடிவு செய்துவிட்டது. பாட்டியாரின் மெட்டோ இரண்டாவது கட்டையில் வீடு கட்டிக்கொண்டது. மத்தியமாவதியின் சாயலில் அமைந்தது. மத்தியமாவதியில் காந்தாரம் என்ற சுரமே இல்லை. மேனாட்டுக் கார்டின் உயிர்நிலையோ காந்தாரந்தான். அது ஓங்கினால் கார்ட் மகிழ்ச்சி தரும். சற்றுத் தாழ்ந்தால் சோகம் தரும். காந்தாரம் இல்லாத மெட்டுக்கு அவ்வகைக் கார்டை அமைக்க வேண்டுமாயின், மெட்டில் இல்லாத ஒரு சுரத்தை வெளியிலிருந்து அழைத்து வரவேண்டும். அல்லது மெட்டையே வேறு வீட்டுக்குக் குடிபெயர்க்க வேண்டும். நான் இரண்டாவது குற்றத்தைச் செய்தேன்.

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதன்று. சீன தேசத்து இசைவாணர்களும் இதனோடு போராடியிருக்கிறார்கள். சீனரின் பழைய இசையும் ஐந்து சுரங்களையே அடித்தளமாகக் கொண்டது. குங், ஷாங், ஜ்யுவே, ஜி, யூ என்பன அவற்றின் பெயர்கள். இந்த ஐந்தில் எதை ஆதாரமாகக் கொள்கிறோமோ அதற்கு ஏற்ப ஐந்து வகை அமைப்புகள் பிறக்கும். குங் அமைப்பு நம் மோகனத்தின் சுரங்களைக் கொண்டது. ஷாங் அமைப்பு மத்தியமாவதியின் சுரங்களைக் கொண்டது. இந்த ஐந்து சுரங்களைப் பெறும் கணக்கையும் அவர்கள் வகுத்தார்கள். 81 என்ற அளவில் தொடங்கி, அதில் மூன்றில் இரண்டு பங்கு 54, அதனுடன் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் 72, பிறகு 48, பிறகு 64. இவ்வாறு ஐந்து அளவுகள் கிடைக்கின்றன. சட்ஜ பஞ்சம உறவே இக்கணக்கின் சாரம்.

நம் பழந்தமிழ் இசையிலும் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்னும் ஏழு நரம்புகளுக்குள்ளே, குரலுக்கு ஐந்தாவதாகிய இளியைப் பற்றிச் செல்லும் முறை உண்டு. ஒரு பண்ணின் சுரங்களை மாற்றாமல் அடிமனையை மட்டும் மாற்றி வேறு பண் பெறுவதைப் பண்ணுப்பெயர்த்தல் என்றனர். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையில் ஏழு ஆயமகளிர் ஏழு நரம்புகளின் பெயரைத் தாங்கி வட்டமாக நிற்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். முல்லை நிலத்துப் பண் மோகனமே என்பது பிற்கால ஆராய்ச்சியாளர் பலரின் முடிபு. ஆகவே, கறுப்புக் கட்டைகளில் தன் பாட்டியின் வீட்டைத் தேடிய சிறுமி, தான் அறியாமலே மிகப் பழைய பாதை ஒன்றில் நடந்திருக்கிறாள்.

சீனரின் கதைக்கு மீண்டும் வருவோம். 1934-ஆம் ஆண்டில் அலெக்சாந்தர் செரெப்னின் என்ற ருஷ்ய இசைவாணர் ஷாங்காய் நகரத்தில் இருந்தார். சீனத் தன்மை வாய்ந்த பியானோ உருப்படி ஒன்றை இயற்றுவோருக்குப் பரிசு தருவதாக அவர் அறிவித்தார். ஐரோப்பாவைப் போலச் செய்வதே உயர்வு என்று பலரும் எண்ணிய காலத்தில், அங்கிருந்து வந்த ஒருவரே, “உங்கள் வீட்டில் இருப்பதை எழுதுங்கள்” என்று சொன்னார். முதற்பரிசு பெற்றவர் ஹெ லூடிங் என்ற மாணவர். ஹூனான் மாகாணத்தில் 1903-இல் பிறந்தவர். மாடு மேய்க்கும் சிறுவனின் குழலைப் பற்றியது அவருடைய உருப்படி. மூன்று பகுதிகளைக் கொண்ட சிறிய உருப்படி அது. முதற்பகுதியில் குழல் நிதானமாகப் பேசுகிறது. நடுவில் துள்ளி ஆடுகிறது. பிறகு முன்னைய மெட்டே சற்று அலங்காரத்துடன் திரும்பி வருகிறது.

இதில் நாம் கற்க வேண்டியது யாது? ஹெ லூடிங் அவ்வுருப்படியின் முதற்பகுதியில் கார்டுகளை அடுக்கவில்லை. வலக்கையில் ஒரு குரல், இடக்கையில் ஒரு குரல். ஒன்று நீட்டி நிற்கும்போது மற்றொன்று நகர்கிறது. ஒன்று பேசி முடித்ததும் மற்றொன்று விடை சொல்கிறது. இரண்டு தனி மெட்டுகள் ஒன்றையொன்று தழுவிச் செல்லும் இம்முறை மேனாட்டாரின் கவுண்டர்பாயின்ட். ஜெர்மானிய மேதை பாக் அதில் சிகரம் கண்டவர். எனவே முறை மேனாட்டுடையது. இரண்டு குரல்கள் பேசும் மொழியோ சீனருடையது. மெட்டில் இல்லாத சுரத்தைக் கடன் வாங்கவேண்டிய அவசியமே அங்கே எழவில்லை. நம் பாட்டியாரின் இரண்டாவது கேள்விக்கு, அதாவது தூளியை ஆட்ட எத்தனை பேர் என்ற கேள்விக்கு, “இருவர் போதும்” என்று அவர் விடை கூறிவிட்டார்.

ஹங்கேரி தேசத்து பேலா பார்டோக் அதற்கும் முன்னதாகவே இத்துறையில் இறங்கியவர். கோடாய் என்ற நண்பருடன் கிராமம் கிராமமாகச் சென்று, மெழுகு உருளையில் ஒலிப்பதிவு செய்யும் எடிசன் யந்திரத்தைக் குடியானவர்களின் முன்வைத்து, அவர்கள் பாட்டைப் பதிந்துகொண்டார். பிறகு 1908, 1909-ஆம் ஆண்டுகளில், குழந்தைகள் வாசிக்கத்தக்க எளிய பியானோ பாடங்களாக அம்மெட்டுகளை அமைத்தார். பின்னர் அவர் எழுதிய மைக்ரோகாஸ்மாஸ் என்ற ஆறு தொகுதிகளில் 153 உருப்படிகள் உள்ளன; முதற்பாடம் விரலை அசைக்கத் தெரியாத குழந்தைக்கு; கடைசிப் பாடம் மேடை வித்வானுக்கு. அவருடைய வரிசையைக் கவனியுங்கள்: முதலில் கேட்டார், பிறகு பதிந்தார், அதன் பின்னரே எழுதினார். நானோ கேட்பதற்கு முன்பே எழுதிவிட்டேன்.

“நம் நாட்டில் இம்முயற்சி நடந்ததில்லையா?” என்று நீங்கள் கேட்கலாம். அதற்கு விடை தேடப் பெங்களூரை விட்டுத் தொலைவு போகவேண்டியதில்லை. மைசூர் அரண்மனையிலே மேனாட்டு வாத்தியக்குழு ஒன்று பெருமையுடன் இயங்கியது. வீணை சேஷண்ணா அவர்கள் பியானோவும் வாசித்தவர். நாலாம் கிருஷ்ணராஜ உடையார் பல வாத்தியங்களைத் தாமே பயின்றவர். அவருக்குப் பின் 1940-இல் அரியணை ஏறிய ஜயசாமராஜ உடையாரோ பியானோவில் தேர்ந்த புலமை பெற்று, 1945-இல் லண்டன் கில்டுஹால் சங்கீதப் பள்ளியின் பட்டமும் பெற்றார். மேடைக் கலைஞராக வேண்டும் என்பது அவருடைய இளமைக் கனவு. ஒரே ஆண்டில் தந்தையையும் பெரிய தந்தையாகிய மகாராஜாவையும் இழந்ததால், ராஜ்ய பாரம் அவர் தோள்மீது வந்து விழுந்தது.

லண்டனில் வறுமையும் நோயுமாக இருந்த மெட்னர் என்ற ருஷ்ய இசைவாணரின் படைப்புகள் இசைத்தட்டில் பதிவாவதற்கு உடையார் பொருளுதவி செய்தார். மெட்னர் தம் மூன்றாவது பியானோ கான்செர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்கு நன்றியுடன் அர்ப்பணித்தார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் இயற்றிய கடைசி நான்கு பாடல்கள் 1950-ஆம் ஆண்டு மே மாதத்தில் லண்டனில் முதன்முதலாக அரங்கேறியதற்கும் உடையாரின் உதவியே துணை. அதே உடையார் வீணை வேங்கடகிரியப்பாவிடம் வீணை பயின்றார்; மைசூர் வாசுதேவாசாரியாரின் வழிகாட்டுதலில் கர்நாடக சங்கீதம் கற்று, ஸ்ரீவித்யா என்ற முத்திரையுடன் 94 கிருதிகளை இயற்றினார். 1974-இல் பெங்களூரிலேயே காலமானார்.

இரண்டு சங்கீதங்களிலும் இவ்வளவு ஆழம் கண்ட அரசர் வேறொருவரைக் காண்பது அரிது. ஆயினும், அவருடைய கிருதிகள் ஒரு மண்டபத்தில் நின்றன. பியானோ மற்றொரு மண்டபத்தில் நின்றது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் முழுமையில் மதித்த ஒருவர், இரண்டையும் கலக்க அவசரப்படாமல் இருந்தது ஒரு வகை மரியாதை என்றே நான் கருதுகிறேன். அவர் விட்டுச் சென்ற பாடம் இது: இரண்டையும் செம்மையாக அறியாதவன் இரண்டையும் கலக்கப் புகுதல் ஆகாது.

மறு திசையிலிருந்து வந்தவர் ஜான் போல்ட்ஸ் என்ற ஆங்கிலேயர். தென்னிந்திய சங்கீதத்தை இந்தியாவிலேயே பயின்ற மாட் மக்கார்த்தி என்ற அயர்லாந்துப் பெண்மணி அவருடைய துணைவியார். அவர் வாயிலாக நம் மேளகர்த்தாக்களை அறிந்த போல்ட்ஸ், அவற்றின் சுரங்களை வைத்துப் பியானோ உருப்படிகள் எழுதினார். ஒரு மேளத்தைத் தேர்ந்துகொண்டால் அதன் ஏழு சுரங்களைத் தவிர வேறு சுரம் தொடுவதில்லை என்பது அவர் மேற்கொண்ட விரதம். 1935-இல் இந்தியாவுக்கு வந்து, டில்லி வானொலி நிலையத்தில் பணியாற்றி, 1939-இல் கல்கத்தாவில் காலமானார்.

வியப்பு என்னவெனில், மேளங்களைப் பியானோவுக்குக் கொணர்ந்த அதே போல்ட்ஸ்தான், இந்திய சங்கீதத்துக்கு ஆர்மோனியம் ஆகாது என்று 1938-இல் எழுதினார். 1940-ஆம் ஆண்டில் வானொலி நிலையங்களில் ஆர்மோனியத்துக்குத் தடை விதிக்கப்பட்டது. 1971-ஆம் ஆண்டில்தான் அது தளர்ந்தது. இதை முரண்பாடு என்று தள்ளிவிட இயலாது. கட்டை வாத்தியத்தில் சுரங்கள் சமமாகப் பங்கிடப்பட்டு அசையாமல் நிற்கின்றன. ஒரு சுரத்திலிருந்து மறு சுரத்துக்கு வழுக்கிச் செல்லும் ஜாருவும், ஒரே சுரத்தை அசைக்கும் கம்பிதமும் அதில் எழா. பாடகரின் குரலை நிழல்போலத் தொடர வேண்டிய இடத்தில் இது பெருங்குறை. ஆனால், பியானோவுக்கென்றே புதிதாக ஓர் உருப்படி இயற்றும்போது, அக்கருவியின் எல்லையை அறிந்து, அதற்குள்ளே பேசலாம். அவர் கண்ட வேறுபாடு இதுவே.

இங்கேதான் நாட்டுப்பாடல் நமக்குக் கைகொடுக்கிறது. தோடியையோ பைரவியையோ பியானோவில் ஆலாபனை செய்ய முயல்வது வீண். கமகம் நீங்கினால் அவ்விராகங்களுக்கு உயிரில்லை. தாலாட்டு, கும்மி, ஏற்றப்பாட்டு, நடவுப்பாட்டு ஆகியவற்றின் இயல்பு வேறு. அவற்றில் பெரும்பாலானவை நான்கைந்து சுரங்களுக்குள்ளே அடங்கும். அசைக்கு ஒரு சுரம் என்ற அளவில் நடக்கும். தாளம் தெளிவாக இருக்கும். வேலை செய்யும் கையும் காலும் தாளத்தை வகுத்திருப்பதே காரணம். முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேயரின் பாண்டு வாத்திய மெட்டுகளைக் கேட்டு நோட்டுசுர சாகித்தியங்களை இயற்றியபோது, கமகம் வேண்டாத எளிய நடையையே அவற்றுக்கு வைத்துக்கொண்டார். வாசல் எது என்பதை அப்பெரியார் அறிந்திருந்தார்.

நம் திரையிசையில் நாட்டுப்பாடல் மெட்டும் மேனாட்டு வாத்தியக்குழுவும் கைகோத்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். 1976-இல் அன்னக்கிளி படத்தின் வாயிலாக இளையராஜா அவர்கள் திறந்த வழி அது. ஆனால் நான் பேசுவது குழந்தையின் பத்து விரல்களைப் பற்றி. திரையிசையைக் கேட்டு மகிழலாம். நாள்தோறும் உட்கார்ந்து விரல் பழக வேண்டுமானால் பாடம் வேண்டும். என் மாணவிக்குக் கொடுக்கத்தக்க பாடநூல் ஒன்று எனக்குக் கிடைக்கவில்லை. நம் அறிஞர்கள் நாட்டுப்பாடல்களைத் தேடித் தொகுத்து அரிய நூல்களை நமக்குத் தந்திருக்கிறார்கள். ஆயினும், சொற்கள் அச்சேறிய அளவுக்கு மெட்டுகள் ஏறவில்லை. பாடிய மூதாட்டி மறைந்தால் மெட்டும் மறைந்துவிடும். புத்தகத்தில் எஞ்சும் சொற்களைப் பார்த்து அதன் மெட்டை மீட்டெடுக்க எவராலும் இயலாது.

ஆகையால், இத்துறையில் ஈடுபாடு கொண்ட இளைஞருக்கு, என் பிழையிலிருந்து நான் கற்ற சிலவற்றைச் சொல்ல விழைகிறேன். முதலாவதாக, பாடுவோரைப் பலமுறை பாடச் சொல்லிப் பதிந்துகொள்ளுங்கள். பாட்டு எங்கே இளைப்பாறுகிறது என்று கவனியுங்கள். அதுவே அதன் வீடு. இரண்டாவதாக, மெட்டில் இல்லாத சுரத்தை இடக்கைக்குக் கொடுக்காதீர்கள். மூன்றாவதாக, சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் ஒலிக்கும் சுருதி நாதம் பல இடங்களில் போதுமானது; அதற்கு மேல் வேண்டுமானால் இன்னொரு குரலைக் கொண்டுவாருங்கள், கூட்டத்தைக் கொண்டுவராதீர்கள். நான்காவதாக, குரல் வழுக்கிச் செல்லும் இடத்தைப் பியானோவில் சிறு சுரங்களைத் தூவி மறைக்க முயலாதீர்கள். ஓரிரு இடங்களில் அது அழகு தரலாம். எல்லா இடத்திலும் செய்தால் போலியாகிவிடும்.

இம்முறையில் அந்தத் தாலாட்டை நான் மீண்டும் எழுதினேன். இடக்கையில் இரண்டே சுரங்கள், தூளி முன்னும் பின்னும் போவதுபோல. மெட்டு மூச்சு வாங்கும் இடங்களில் மட்டும் கீழிருந்து ஒரு சிறு விடை. முப்பத்திரண்டு தாளக் கட்டுகளுக்குள் முடிந்துவிட்டது. ஆனால் ஈற்றடியில் பாட்டியாரின் குரல் மேல் சுரத்திலிருந்து ஆதாரத்துக்கு மெல்ல இழைந்து இறங்கும் ஓர் இடம் உண்டு. எத்தனையோ விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றும் ஒப்பவில்லை. கடைசியில் அந்த இடத்தில் வலக்கைக்கு ஓய்வுக் குறியை இட்டு, இடக்கையின் இரண்டு சுரங்களை மட்டும் ஒலிக்கவிட்டேன்.

சிறுமி வாசிக்க, பாட்டியார் அருகில் நாற்காலியில் அமர்ந்து கேட்டார். இம்முறை அவர் முகத்தில் தயக்கம் இல்லை. ஈற்றடி வந்தது. வலக்கை ஓய்ந்தது. அந்த வெற்றிடத்தில், ஒருவரும் கேளாமலே, பாட்டியாரின் குரல் எழுந்து மெல்ல இறங்கியது. சிறுமி திரும்பிப் பார்த்தாள், வாசிப்பதை நிறுத்தவில்லை.

அந்த உருப்படியை நான் இன்றுவரை திருத்தவில்லை. ஓய்வுக் குறி அப்படியே இருக்கிறது. பாட்டியார் பாடிய அந்த இறக்கத்தைச் சிறுமி இப்பொழுது தன் குரலில் பாடக் கற்றுக்கொண்டிருக்கிறாள்.